அடித்துவிட்டு வழிவிட வேண்டும்

(பிள்ளை வளர்ப்பும் விளையாட்டும் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளையை விளையாட விடுவதா, படிக்க வைப்பதா? பினாங்கில் மட்டுமல்ல, தமிழர் வாழும் எல்லா ஊரிலும் பெற்றோர் கேட்கிற கேள்வி இது. இதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. விளையாட்டில் பிள்ளை உண்மையிலேயே கெட்டிக்காரியாகிவிட்டால், ஒருநாள் வீட்டை விட்டு, ஊரை விட்டு, கடல் கடந்து போக வேண்டி வரும். அன்றைக்குப் பெற்றவர்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. பினாங்குத் தீவிலேயே பதில் இருக்கிறது. அதற்கு முன் ஓர் அந்நிய நாட்டை எட்டிப் பார்ப்போம்.

மட்டையோடு போன மக்கள்

அயர்லாந்து சின்னஞ்சிறு நாடு. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள், லட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். 1884-இல் தர்லஸ் என்ற ஊரில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. மட்டையால் அடித்தாடும் ஹர்லிங், கையும் காலும் சேர்த்து ஆடும் கேலிக் கால்பந்து ஆகிய சொந்த மண்ணின் ஆட்டங்களைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். இன்றைக்கு நியூயார்க்கிலும் லண்டனிலும், ஏன், கோலாலம்பூரிலும்கூட அந்த ஆட்டங்களை ஆடுகிறார்கள். அந்நிய மண்ணில் பிள்ளை பெற்றவர்கள், தங்கள் பிள்ளைக்கு ஊர் எது என்பதைத் திடலில் காட்டுகிறார்கள்.

பினாங்குக்கும் அயர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். 1852-இல் தொடங்கப்பட்ட செயின்ட் சேவியர் பள்ளியில் பிற்காலத்தில் பணியாற்றிய லா சால் சபைச் சகோதரர்களில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் பலர். பெற்றோரை விட்டு வந்தவர்கள், இங்கே பிறர் பெற்ற பிள்ளைகளை வளர்த்தார்கள். பாடம் முடிந்தால் திடல் என்பது அந்தப் பள்ளிகளின் வழக்கம். அந்தத் திடல்களில் ஓடி வளர்ந்த தாத்தாக்கள் நம் குடும்பங்களில் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் இன்று சனிக்கிழமை காலையில் ஒரு டியூஷன் வகுப்பிலிருந்து இன்னொரு டியூஷன் வகுப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

புக்கிட் டும்பார் மகள்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1983 ஆகஸ்டு 26-ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர் நிக்கோல் டேவிட். தந்தை டெஸ்மண்ட் டேவிட் இந்திய வம்சாவளியினர், பொறியாளர், விளையாட்டில் ஈடுபாடு மிக்கவர். தாயார் சீனர், பள்ளி ஆசிரியை. மூன்று பெண் பிள்ளைகளில் கடைக்குட்டி நிக்கோல். அக்காமார் இருவரும் ஸ்குவாஷ் ஆடினார்கள். அவர்களைப் பார்த்து ஐந்து வயதில் இவரும் மட்டையைக் கையில் எடுத்தார். புக்கிட் டும்பார் ஸ்குவாஷ் மையத்தில் வளர்ந்தார். இன்று அந்த மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பதினைந்து வயதில், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 1999-இல் உலக இளையோர் பட்டம். 2001-இல் சொந்த ஊரான பினாங்கிலேயே மறுபடியும் அதே பட்டம். அந்தப் பட்டத்தை இருமுறை வென்ற முதல் பெண் அவர்தான்.

கதை இதோடு நின்றிருந்தால் ஊர்ப் பெருமை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உண்மையான சோதனை 2002-இல் வந்தது. பூசான் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கின் ரெபேக்கா சியுவிடம் தோற்றார். தங்கம் நிச்சயம் என்று நாடே எதிர்பார்த்த ஆட்டம் அது. மனமுடைந்து, ஆட்டத்தை விட்டுச் சில காலம் விலகி நின்றார். வயது பத்தொன்பது.

அந்த வயதில் ஒரு பெண் தோற்றுவிட்டு வந்து நின்றால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? "போதும் அம்மா, ஆடியது போதும். மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடு" என்பார்கள். அன்பினால்தான் அப்படிச் சொல்வார்கள், குறை சொல்வதற்கில்லை. அந்த அன்பு பிள்ளைக்கு வாசலைத் திறக்கிறதா, மூடுகிறதா என்பதுதான் கேள்வி.

டேவிட் வீட்டில் வாசல் திறந்தே இருந்தது. 2003-இல் நிக்கோல் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீராங்கனை லிஸ் இர்விங்கிடம் பயிற்சி. பனி கொட்டும் ஊர். ஆறு மணிக்கு அங்கே விளக்கேற்றும் குளிர்காலத்தில் பினாங்கில் நள்ளிரவு ஒரு மணி. "சாப்பிட்டாயா?" என்று கேட்கக்கூட நேரம் பார்க்க வேண்டிய தூரம். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, பல ஆண்டுகள் அந்த ஊர்தான் அவருக்கு வீடு.

2005-இல் ஹாங்காங்கில் முதல் உலகப் பட்டம். மொத்தம் எட்டு உலகப் பட்டங்கள். 2006 ஆகஸ்டு முதல் 2015 வரை, நூறு மாதங்களுக்கும் மேலாக உலகத் தரவரிசையில் தொடர்ந்து முதலிடம். 2014 இறுதியில் கெய்ரோ நகரில் எட்டாவது பட்டத்துக்கான ஆட்டம். எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சொந்த நாட்டு ரசிகர்களின் ஆரவாரத்தோடு. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ரனீம் வெற்றி என்ற நிலை நான்கு முறை வந்தது. நான்கு முறையும் நிக்கோல் தப்பினார், பட்டமும் வென்றார். மறு ஆண்டு அதே ரனீம்தான் அவருடைய முதலிடத்தை எடுத்துக்கொண்டார். நிக்கோல் அதற்குப் பிறகும் ஆடினார். 2019-இல்தான் மட்டையைக் கீழே வைத்தார். முதலிடத்தில் இல்லாதபோதும் ஆடுவதற்கு ஒரு மனம் வேண்டும். அந்த மனம் பயிற்சி மையத்தில் மட்டும் வருவதில்லை. தோற்று வந்த பிள்ளைக்கும் வென்று வந்த பிள்ளைக்கும் ஒரே தட்டில் சோறு போடுகிற வீட்டில்தான் வரும்.

ஓர் ஆட்டம் கற்றுத்தரும் பாடம்

ஸ்குவாஷ் கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நடுவே வலை கிடையாது. எதிரிகள் இருவரும் ஒரே அறைக்குள், தோளோடு தோள் உரச ஓடுகிறார்கள். அதனால் அந்த ஆட்டத்தில் முக்கியமான ஒரு விதி உண்டு. பந்தை அடித்தவர், அடித்த கையோடு ஒதுங்கி, எதிராளி பந்தை எட்டுவதற்கு வழிவிட வேண்டும். வழியை மறித்து நின்றால் நடுவர் அந்தப் பந்தை மறுபடி ஆடச் சொல்வார். சில வேளைகளில் புள்ளியையே எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்.

பெற்றோருக்கும் இதே விதிதான். ஐந்து வயதில் கைப்பிடித்துக் கூட்டிப் போவது நம் கடமை. மட்டை வாங்கிக் கொடுப்பதும், மழையில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதும் நம் கடமை. அதாவது, நம் முறைக்கு வந்த பந்தை நன்றாக அடிக்க வேண்டும். அடித்த பிறகு ஒதுங்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று கத்திக் கத்திப் பிள்ளையின் ஆட்டத்தை நாமே ஆட முயன்றால், புள்ளி போவது பிள்ளைக்குத்தான்.

படிப்பு கெட்டுவிடுமா?

"படிப்பு கெட்டுப் போகுமே?" என்பீர்கள். ஒருவரை நினைவுபடுத்தினால் போதும். எம். ஜெகதீசன். 1960 ரோம், 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றவர். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை 2017 வரை நின்றது. இத்தனை ஓட்டத்துக்கும் இடையே மருத்துவம் படித்து டாக்டரும் ஆனார். "பறக்கும் டாக்டர்" என்று நாடே அவரை அழைத்தது.

அது பழைய காலம் என்றால், பக்கத்து மாநிலமான கெடாவைப் பாருங்கள். சிவசங்கரி சுப்பிரமணியம் ஸ்குவாஷ் மட்டையோடு அமெரிக்கா போய் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 2022-இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தது. எழுந்து நடப்பாரா என்று குடும்பம் கலங்கியிருக்கும். மறு ஆண்டே ஹாங்சோவ் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம். 2024-இல் லண்டன் கிளாசிக் பட்டம். படிப்பும் ஆட்டமும் பங்காளிச் சண்டை போடுவதில்லை, நாம்தான் மூட்டிவிடுகிறோம்.

நிக்கோலுக்கு ஒரே ஒரு மேடை கிடைக்காமல் போனது. அவர் ஆடிய காலம் முழுவதும் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நடந்த முயற்சிகளில் அவரும் முன்னின்றார். ஓய்வு பெற்ற பிறகு, 2023 அக்டோபரில்தான் சேர்த்தார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் முதல் முறையாக ஸ்குவாஷ் ஆடப்படும். அவர் தட்டிய கதவு அடுத்த தலைமுறைக்குத் திறந்திருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் உலக வெற்றியாளர் ஆக முடியாது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் வீட்டை விட்டுப் போவார்கள். விளையாட்டுக்காகப் போகாவிட்டால் படிப்புக்காக, வேலைக்காக, திருமணத்துக்காகப் போவார்கள். சிங்கப்பூருக்குப் போனாலும் சிட்னிக்குப் போனாலும் தோல்வியைத் தாங்கவும், தனியாகச் சமைத்துச் சாப்பிடவும், துணி துவைக்கவும், அடுத்தவருக்கு வழிவிடவும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் டியூஷன் கிடையாது. வீட்டிலும் திடலிலும்தான் கற்க முடியும்.

ஆகவே பெற்றோரே, வாரத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையையாவது பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். திடலுக்குக் கூட்டிப் போங்கள். ஆட்டம் முடிந்து வியர்வையோடு ஓடி வரும்போது, "ஜெயித்தாயா?" என்று கேட்காதீர்கள். "பசிக்கிறதா?" என்று கேளுங்கள். நாளைக்கு ஏழு மணி நேர வித்தியாசத்தில் இருக்கும் ஏதோ ஓர் ஊரிலிருந்து தோற்றுப்போய்த் தொலைபேசியை எடுக்கும்போது, அந்தப் பிள்ளை முதலில் உங்கள் எண்ணைத்தான் அழைக்கும்.