இயந்திரம் ஏன் பழுதாகிறது?

(தொழிலாளர் மாலை வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெஷின் நின்றுவிட்டால் இரண்டு பதில்கள் உடனே கிடைக்கும். ஒன்று, "நேரம் சரியில்லை" என்பது. கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துவிட்டு, மறுபடியும் ஸ்விச்சைப் போடுவார்கள். இன்னொன்று, "ஓட்டினவன் சரியில்லை" என்பது. அவன் பெயரை எழுதி, விளக்கம் கேட்டு, சம்பளத்தில் பிடிப்பார்கள். முதல் பதில் குற்றத்தைக் கிரகத்தின் மேல் போடுகிறது. இரண்டாவது பதில் தொழிலாளியின் மேல் போடுகிறது. இரண்டிலும் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை!

ஆகவே இன்று மெஷினைப் பற்றியே பேசுவோம். செய்தித்தாள் அச்சடிக்கும் ரோட்டரி இயந்திரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விடிவதற்குள் வேலையை முடித்தாக வேண்டிய இயந்திரம் அது. நிற்க அவகாசமே இல்லாத இயந்திரம். அதனால், எல்லா இயந்திரங்களுக்கும் வரும் நோய்களை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

முதலில் வேகத்தைக் கவனியுங்கள். இரண்டு ஆட்கள் நின்று இழுக்கும் பழைய கை அச்சில் மணிக்குச் சுமார் 250 தாள்கள் அடிக்க முடிந்தது. 1814 நவம்பர் 29ஆம் தேதி, லண்டன் டைம்ஸ் பத்திரிகை பிரெடரிக் கோனிக் என்ற ஜெர்மானியர் செய்த நீராவி அச்சு இயந்திரத்தில் முதன்முதலாக அச்சாயிற்று. மணிக்கு 1,100 தாள்கள். அன்று அதுவே உலக அதிசயம். இன்றைய பெரிய ரோட்டரி மணிக்கு 70,000 பிரதிகளுக்கு மேல் அடித்துத் தள்ளுகிறது. பெரிய பெரிய சுருள்களிலிருந்து காகிதம் வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பாய்ந்து வருகிறது. சிலிண்டர்களுக்கு இடையில் புகுந்து, இரண்டு பக்கமும் மை வாங்கி, வெட்டுப்பட்டு, மடிபட்டு, பத்திரிகையாக வெளியே விழுகிறது. இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள்!

இப்படிப்பட்ட இயந்திரம் பழுதாகாமல் ஓடுமா? ஓடாது. எவ்வளவு நல்ல கம்பெனி செய்திருந்தாலும், எவ்வளவு கெட்டிக்காரர் ஓட்டினாலும், ஒரு நாள் பழுதாகியே தீரும். ஏன்?

முதல் காரணம் தேய்மானம். வண்டி ஓட்டும் தோழர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே மசகு போடாவிட்டால் என்ன ஆகும்? முதலில் கிறீச்சிடும். பிறகு சூடாகும். பிறகு தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். மசகு போட்டால் தேய்மானம் குறையும், ஆனால் நின்றுவிடாது. ரோட்டரியில் நூற்றுக்கணக்கான பேரிங்குகளும் பல்சக்கரங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நொடியும் ஒரு துளி தேய்கிறது. ரப்பர் ரோலர்கள் மையிலும் கழுவும் எண்ணெயிலும் ஊறி இறுகிப்போகின்றன. வெட்டும் கத்தி மழுங்குகிறது. இது யாருடைய குற்றமும் அல்ல. ஒன்றோடொன்று உராயும் பொருளின் இயல்பு.

இரண்டாவது காரணம் உலோகத்தின் களைப்பு. இரும்புக்குக் களைப்பா என்று சிரிக்காதீர்கள். ஒரு கம்பியைக் கையால் இழுத்து அறுக்க உங்களால் முடியாது. ஆனால் அதே கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் முறிந்துவிடும். 1850களிலும் 1860களிலும் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வே இஞ்சினீயர் இதை வருஷக்கணக்கில் சோதித்தார். ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று முறிகின்றன என்பதே அவருடைய கேள்வி. ஒரே தடவை ஏற்றினால் இரும்பு எளிதாகத் தாங்கும் பாரத்தையே, லட்சக்கணக்கான தடவை மாறி மாறி ஏற்றினால் அது முறிந்துபோகும் என்று அவர் காட்டினார்.

ரோட்டரியில் கணக்குப் போடுங்கள். பிளேட்டை மாட்டுவதற்காகச் சிலிண்டரில் நீளவாட்டில் ஒரு பிளவு இருக்கும். அது எதிர்ச் சிலிண்டரைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அதிர்ச்சி விழுகிறது. மணிக்கு முப்பதாயிரம் சுற்று என்றால், ஐந்து மணி நேரத்தில் ஒன்றரை லட்சம் அடி. வருஷத்துக்கு ஐந்து கோடி அடிக்கு மேல்! உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. அது கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. ஒரு நாள் ஷாப்ட் முறிகிறது. அந்த நிமிஷத்தில் பக்கத்தில் நின்றவன்தான் முறித்தான் என்று சொல்வது நியாயமா?

மூன்றாவது காரணம் மூலப்பொருள். மில் தோழர்கள் அறிவார்கள்: பஞ்சு மட்டமாக இருந்தால், காற்றில் ஈரம் குறைந்தால், இழை அறுந்துகொண்டே இருக்கும். பீசர் எவ்வளவு ஓடினாலும் ஈடுகொடுக்க முடியாது. காகிதமும் அப்படித்தான். ஈரம் ஏறினால் உப்பும்; காய்ந்தால் சுருங்கும், மின்னூட்டம் ஏறி ஒட்டிக்கொள்ளும். சுருளின் ஓரத்தில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தால் போதும். ஓடும் வேகத்தில் படாரென்று அறும். அறுந்த காகிதம் ரோலரில் சுற்றி, கல்போல் இறுகி, பேரிங்கையே நெரிக்கும். போதாக்குறைக்கு, காகிதத் தூசி மையோடு கலந்து ரப்பர் பிளாங்கெட்டில் அப்பிக்கொள்ளும். மலிவான காகிதத்தை வாங்குவதென்று முடிவு செய்தவர் ஒருவர். அறுந்த காகிதத்துக்குப் பதில் சொல்பவர் வேறொருவர்!

நான்காவது காரணம் பாகங்களின் எண்ணிக்கை. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு பாகம் ஆயிரம் நாளில் ஒரே ஒரு நாள்தான் பழுதாகும் என்று வைத்துக்கொள்வோம். மிக நல்ல பாகம். இதைப்போல நூறு பாகங்களைச் சேர்த்து ஒரு மெஷின் செய்கிறோம். எந்தப் பாகம் நின்றாலும் மெஷின் முழுவதும் நிற்கும். அப்படியானால், நூறு நாளில் சுமார் தொண்ணூறு நாள் அது நிற்காமல் ஓடும். பாகங்கள் ஆயிரமானால்? நூறு நாளில் முப்பத்தேழு நாள்தான் பழுதில்லாமல் ஓடும்! பாகம் ஒவ்வொன்றும் தரமானதுதான். ஆயினும் மெஷின் அடிக்கடி நிற்கிறது. யாரும் தப்பு செய்யவில்லை, கணக்கு அப்படி.

இந்தக் கணக்கு ஒரு பெரிய எழுத்தாளரையே கடனாளியாக்கியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். கம்பாசிட்டரின் கை செய்வதையெல்லாம் அது செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை: எழுத்தை எடுப்பது, கோப்பது, வரியைச் சமப்படுத்துவது, அச்சான பிறகு எழுத்துகளைப் பிரித்துப் பழைய இடத்தில் போடுவது. அதில் சுமார் 18,000 பாகங்கள் இருந்தன. எழுத்தாளர் மார்க் ட்வைன் அதை நம்பிப் பல வருஷங்களாகப் பணத்தைக் கொட்டினார். 1894இல் சிகாகோவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஓடியபோது அருமையாக ஓடியது. ஆனால் அடிக்கடி நின்றது. நின்றால் சரிசெய்ய நிபுணர் வேண்டும். அவ்வளவுதான், முதலீடு போயிற்று. அதே வருஷத்தில் அவருடைய பதிப்பகமும் திவாலாயிற்று. அந்த இயந்திரம் இன்று ஹார்ட்போர்டு நகரில், மார்க் ட்வைன் வாழ்ந்த வீட்டில் காட்சிப் பொருளாக நிற்கிறது.

போட்டியில் வென்றது எது? 1886இல் நியூயார்க்கில் வேலைக்கு வந்த மெர்கெந்தாலரின் லைனோடைப். அது எழுத்துகளைப் பிரித்துப் போடும் தொல்லையையே ஒழித்துவிட்டது. ஒரு வரி முழுவதையும் புதிதாக வார்த்து, வேலை முடிந்ததும் ஈயத்தை மறுபடி உருக்கிக்கொண்டது. லைனோவிலும் ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு, அதுவும் பழுதாயிற்று. ஆனால் அச்சகத்து மெக்கானிக்கே அதைத் திறந்து, சரிசெய்து, திரும்ப ஓட்ட முடிந்தது. பழுதாகாத இயந்திரம் என்று ஒன்று கிடையாது. பழுதானால் சரிசெய்யக் கூடியது, சரிசெய்ய முடியாதது என்ற வித்தியாசம்தான் உண்டு.

ஐந்தாவது காரணம், பாகங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடுவது. வயலில் ஒரு மண்வெட்டி உடைந்தால் மற்ற மண்வெட்டிகள் நிற்பதில்லை. ரோட்டரியில் ஒரு ரோலர் சிக்கினால் காகிதம் அறும். அறுந்தது மடிக்கும் பகுதியில் அடைக்கும். பின்னால் வரும் காகிதமெல்லாம் குவியும். மனிதன் கை ஓங்குவதற்குள் ஒரு கோளாறு பத்துக் கோளாறாகிவிடும். சார்லஸ் பெரோ என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1984இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சிக்கலாகப் பின்னிய, இடைவெளியே இல்லாத அமைப்புகளில் விபத்து என்பது அந்த அமைப்பின் இயல்பு என்றார். விசாரணைகள் முதலில் ஓட்டியவன் மேல் பழி போடுவதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் எல்லாம் விதிதானே என்று ஒரு தோழர் கேட்கலாம். இல்லவே இல்லை! கூரை மக்கும் என்பது உறுதி. அதற்காக நாம் கைகட்டி உட்காருகிறோமா? ஐப்பசி மழைக்கு முன்பே ஓலை மாற்றுகிறோம். பழுது வரும் என்பது உறுதி; ஆனால் என்றைக்கு வரும், எந்த இடத்தில் வரும், யார் உடம்பில் விழும் என்பது மனிதர் கையில் இருக்கிறது. பேரிங்கைத் தேயும் முன்பே மாற்றலாம். ஷாப்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கலாம். வாரத்துக்கு ஒரு நேரம் நிறுத்தித் துடைத்து எண்ணெய் போடலாம். உதிரி பாகங்களை வாங்கி வைக்கலாம்.

ஏன் பல இடங்களில் செய்வதில்லை? நிறுத்தி வைக்கும் ஒரு மணி நேரம் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாகத் தெரிகிறது. தள்ளிப்போட்ட ரிப்பேர் அதே புத்தகத்தில் லாபமாகத் தெரிகிறது. அந்த லாபத்தின் விலையோ வேறொருவர் விரலில் வசூலாகிறது! ஓடும்போதே துடை, ஓடும்போதே சிக்கலை எடு என்ற அவசரம் இங்கேதான் பிறக்கிறது.

இந்த ஆபத்து யாரையும் பார்த்து ஒதுங்குவதில்லை. காகிதச் சுருளிலிருந்து நேரே அச்சடிக்கும் ரோட்டரியை 1860களில் உருவாக்கியவர் வில்லியம் புல்லக். 1867இல் பிலடெல்பியாவில் தம்முடைய இயந்திரம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கழன்ற பெல்ட்டைக் காலால் உதைத்துப் புல்லியில் ஏற்றப் பார்த்தார். கால் உள்ளே சிக்கி நசுங்கியது. புண் அழுகி, சில நாட்களில் அவர் இறந்துபோனார். இயந்திரத்தின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவர் அவர்! அறிவு மட்டும் காப்பாற்றாது, தோழர்களே. மூடியும், நிறுத்தும் விசையும், நிறுத்துவதற்கு அவகாசமும் வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடும் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதானால், அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்ததாக இருக்க வேண்டும். பிடிக்கும் முன் அவன் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த நிபந்தனை 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. இன்னொன்று: வேலை கொடுக்க முடியாமல் லே-ஆப் செய்வதற்குரிய காரணங்களில் ஒன்றாக "இயந்திரப் பழுது" என்பதைத் தொழில் தகராறு சட்டத்தின் 1953ஆம் ஆண்டுத் திருத்தமே சேர்த்தது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு, சட்டத்துக்கு உட்பட்ட ஆலைகளில், பாதிச் சம்பளம் நஷ்டஈடு என்றும் சொன்னது. இயந்திரம் தானே பழுதாகும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதுதானே இதன் பொருள்?

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? மெஷினில் புதுச் சத்தம் கேட்டால், பேரிங் சூடானால், எண்ணெய் கசிந்தால், அன்றைக்கே மேஸ்திரியிடம் சொல்லுங்கள். சொன்ன தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர் பக்கத்துத் தோழரைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ஓடும் ரோலரில் கை வைக்கச் சொன்னால், "முதலில் நிறுத்துங்கள்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் அது முணுமுணுப்பு. சேர்ந்து சொன்னால் அது விதி!

அடுத்த தடவை மெஷின் நிற்கும்போது, "யார் நிறுத்தியது?" என்று உங்களைப் பார்த்துக் கேட்பார்கள். அப்போது அமைதியாக நோட்டைத் திறந்து, "கடைசியாக இதை ரிப்பேர் பார்த்தது எப்போது?" என்று திருப்பிக் கேளுங்கள்.