நீட்டிய கையும் கேட்ட விலையும்

  

பாலாற்றங்கரைத் தோல் ஊர்களாகிய ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எங்கணும் நாள்தோறும் வாயிற் புரளும் அயற்சொல் ஒன்றை இன்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றேன். அதுதான் 'டெண்டர்'. "டெண்டர் விட்டார்கள்" என்கின்றோம். "டெண்டர் போட்டான்" என்கின்றோம். "டெண்டர் எடுத்தான்" என்கின்றோம். விடுவதும் போடுவதும் எடுப்பதும் ஒன்றாகுமா? மூன்றும் வெவ்வேறு வினைகள். முதலாவது, விலை சொல்லுமாறு அழைப்பது. இரண்டாவது, விலை சொல்வது. மூன்றாவது, சொன்ன விலை ஏற்கப்பட்டு வேலையைப் பெறுவது. மூன்றையும் ஒரே அயற்சொல்லால் மூடிவிட்டோம். இம் மூடலால் விளையும் கேட்டினைப் பின்னர்க் கூறுவேன். முதலில் சொல்லின் பிறப்பைக் காண்போம்.

'டெண்டர்' ஆங்கிலத்துக்கும் பிறப்புரிமைச் சொல் அன்று. இலத்தீனத்தில் 'டெண்டெரே' என்றால் இழுத்து நீட்டுதல், விரித்தல். அது பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலம் புகுந்தது. கையை நீட்டி ஒன்றை முன்வைப்பது என்பதே அதன் கருத்து. கூடாரத்தைக் குறிக்கும் 'டெண்ட்' என்னும் சொல்லும் அதே வேரினின்று வந்ததே; இழுத்துக் கட்டப்படுவது கூடாரம். உரோமப் படைஞர்தம் கூடாரங்கள் தோலால் ஆனவை. தோலை இழுத்து விரித்து உலர்த்தும் உங்களுக்கு இச் சொல்லின் உட்பொருளை நான் விளக்கவும் வேண்டுமோ? மென்மையைக் குறிக்கும் மற்றொரு 'டெண்டர்' வேறு இலத்தீனச் சொல்லினின்று வந்தது. ஒலியால் ஒன்றுபட்டதேயன்றி, பொருளால் அன்று.

இதன் உடன்பிறப்புப் போல வழங்குவது 'பிட்' என்னும் சொல். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ஒன்று வேண்டுதல், இறைஞ்சுதல் என்னும் பொருளது; மற்றொன்று அறிவித்தல், முன்வைத்தல், ஆணையிடுதல் என்னும் பொருளது. காலப்போக்கில் இரண்டும் ஒலியால் நெருங்கி ஒரே சொல்லாயின. மணியைக் குறிக்கும் 'பீடு' என்னும் ஆங்கிலச் சொல்லும் முதலில் வேண்டுதலையே குறித்தது. மணியுருட்டி இறைவனை வேண்டியதால், வேண்டுதலின் பெயர் மணிக்கு ஆயிற்று.

இனி நம் மொழிக்கு வருவோம். 'ஏலம்' என்பதும் நம் சொல் அன்று. போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. ஆனால், அதனோடு நாம் சேர்த்த வினையைப் பாருங்கள்: ஏலம் 'கேட்டல்'. விலை சொல்வதை நம் மக்கள் கேட்டல் என்றே வழங்கினர். ஈழத்தமிழர் டெண்டரைக் 'கேள்வி' என்றே குறித்தனர். நீள் என்பதிலிருந்து நீட்டு. கை நீட்டல் நமக்கும் ஒன்றை முன்வைத்தலே. ஆகவே, இலத்தீனன் நீட்டலிலும் பழைய ஆங்கிலேயன் வேண்டலிலும் கண்ட கருத்துகள் இரண்டும் தமிழன் நாவில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கேட்கும் வினையிலேயே ஈ, தா, கொடு என மூன்று படிநிலை வகுத்து, இழிந்தோன் ஒன்றையும் ஒப்போன் ஒன்றையும் உயர்ந்தோன் ஒன்றையும் கூறுவர் என்று நிறுவியவர் தொல்காப்பியர். அத்துணை நுட்பம் வாய்ந்த மொழிக்கு உரியோர், மூன்று வினைக்கு ஓர் அயற்சொல்லை ஏந்தி நிற்பது தகுமா?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பொருள் இழப்பைப் பற்றிய பேச்சு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். ஒருவர் முன்மொழிகின்றார், மற்றவர் ஏற்கின்றார், ஏற்றபின் அது வாக்குறுதியாகின்றது. விலை கோரும் அறிவிப்போ பொதுவாக வெறும் அழைப்பே. விலையை எழுதித் தருபவர்தாம் முன்மொழிபவர். முன்மொழிவு யாருக்குச் செய்யப்படுகின்றதோ, அவர்தம் அறிவுக்கு எட்டும்போதுதான் அதன் தெரிவிப்பு நிறைவுறும் என்கின்றது 4ஆம் பிரிவு. ஏற்பு நிறைவுறுமுன் முன்மொழிவைத் திரும்பப் பெறலாம் என்பது 5ஆம் பிரிவு. ஆயினும், அவ்வாறு திரும்பப் பெறின் ஈட்டுத்தொகை பறிபோகும் என்று நெறிமுறைத் தாள்களில் எழுதியிருக்கக் கூடும்.

அத் தாள்கள் எம்மொழியில் உள்ளன? நாளிதழ் அறிவிப்பு தமிழில் வந்தாலும், நெறிமுறைகள் பலவும் ஆங்கிலத்திலேயே உள்ளன. நகராட்சிக் கடைக்கோ, சந்தைக் கட்டணத்துக்கோ, சாலையோரப் புளியமரக் காய்ப்புக்கோ விலை எழுதும் எளியவர், தாம் எதை முன்மொழிந்தோம், எப்பொழுது கட்டுண்டோம் என்று அறியாமலேயே கையொப்பம் இடுகின்றார். அறிவுக்கு எட்டவேண்டும் என்று சட்டம் சொல்கின்றது. எட்டாத மொழியில் தாள் நீட்டப்படுகின்றது! 1956ஆம் ஆண்டிலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாடு இது. கொள்முதலில் ஒளிவுமறைவு கூடாதென்று 1998ஆம் ஆண்டில் தனிச்சட்டமே செய்த நாடும் இதுதான். மொழி மறைத்துநின்றால் அவ் ஒளிவுமறைவு எங்ஙனம் நீங்கும்?

அரசு வழக்கிலுள்ள 'ஒப்பந்தப்புள்ளி' என்பதைக் குறைகூற நான் வரவில்லை. புள்ளி என்பது இங்கு எண்ணைக் குறிப்பது, நல்ல சொல். ஆனால் விலையை எழுதும்போது ஒப்பந்தம் இன்னும் பிறக்கவில்லை. ஆதலின், அழைப்பை 'விலைகோரல்' என்போம். எழுதித் தருவதை 'விலைப்புள்ளி' என்போம். இசைவை 'ஏற்பு' என்போம். இம் மூன்றையும் பிரித்துச் சொல்லப் பழகியவன், எந்தப் படியில் தான் நிற்கின்றான் என்பதையும் அறிவான்.

மொழிஞாயிறு பாவாணர் (1902–1981) இளமையிற் பயின்று, ஆசிரியப்பணியும் ஆற்றிய ஊர் ஆம்பூர். ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் காண வாழ்நாளைச் செலவிட்ட அவர் நடந்த தெருக்களில் நாம் நடக்கின்றோம். வணிகப் பெருமக்களே! உங்கள் தொழிலகத்தின் விலைகோரலைத் தமிழில் எழுதுங்கள். தொழிலாளத் தோழர்களே! படித்துப் புரியாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். தமிழ்ப் படி ஒன்று கேளுங்கள். கேட்பது இரத்தல் அன்று; உரிமை.