மரம் ஒருவர் வாசலில், நிழல் எல்லோருக்கும்

(நம் குடியிருப்பின் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரை)



பி பிளாக் பின்புறம் இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்பது அடுத்த மாதப் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அந்த மரத்தில் வக்காக்கள் கூடு கட்டியிருக்கின்றன. எச்சம் கார்கள்மேல் விழுகிறது, மீன் வாடை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று பி பிளாக்கில் சொல்கிறார்கள். மரத்தைத் தொடக்கூடாது என்று ஏ பிளாக்கில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு தரப்பும் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பறவைகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. வரவு செலவு கொஞ்சம் தெரியும். இதே போன்ற ஒரு வழக்கு அஸ்ஸாமில் எப்படித் தீர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

அஸ்ஸாமில் ஹர்கிலா என்று ஒரு நாரை உண்டு. எலும்பை விழுங்குவது என்று பொருள். ஏறக்குறைய 5 அடி உயரம், வழுக்கைத் தலை, கழுத்தில் ஒரு பை. செத்த விலங்குகளையும் குப்பை மேட்டுக் கழிவையும் தின்னும். அந்த மிச்சத்தைக் கூட்டுக்குக் கொண்டு வந்து கீழே போடும். இது கூடு கட்டுவது காட்டில் அல்ல. வீட்டுக் கொல்லையில் நிற்கும் உயரமான மரங்களில். முற்றத்தில் எலும்புத் துண்டும் எச்சமும் விழுந்தால் எந்த வீட்டுக்காரருக்குத்தான் பிடிக்கும்? அபசகுனம் என்றும் சொன்னார்கள். மரத்தையே வெட்டினார்கள். உலகத்தில் இந்தப் பறவை கூடு கட்டும் இடங்கள் அஸ்ஸாம், பிகார், கம்போடியா என்று மூன்றே பகுதிகளில் சுருங்கிவிட்டன.

2007-ஆம் ஆண்டு, காம்ரூப் மாவட்டத்தில் தாதரா என்ற ஊரில் அப்படி ஒரு மரம் வெட்டப்பட்டு, குஞ்சுகள் கூட்டோடு கீழே விழுந்தன. பூர்ணிமா தேவி பர்மன் அதைப் பார்த்தார். முனைவர் பட்டத்துக்குப் படிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். மரம் வெட்டியவரிடம் பேசப் போனபோது ஊரே கூடிக் கேலி செய்தது. ஆய்வுப் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு அந்த ஊர்களிலேயே வேலையைத் தொடங்கினார். பட்டத்தை 2019-இல்தான் முடித்தார்.

அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்குப் பாடம். சட்டம் என்று மிரட்டிப் பயனில்லை என்று புரிந்துகொண்டு பெண்களிடம் போனார். சமையல் போட்டி வைத்தார். கருவுற்ற பெண்ணுக்கு நாம் வளைகாப்பு செய்வதுபோல அங்கும் ஒரு சடங்கு உண்டு. கூடு கட்டும் பருவத்தில் அதை ஹர்கிலாவுக்கே செய்யவைத்தார். கூடு இருக்கும் மரத்தின் சொந்தக்காரர்களை மேடைக்கு அழைத்து ஊர் பார்க்க மரியாதை செய்தார். குஞ்சுகள் தவறி விழுந்தால் அடிபடாமல் இருக்க மரத்தடியில் வலை கட்டினார்கள். பெண்களுக்குத் தறியும் நூலும் ஏற்பாடு செய்து கொடுத்தார். அவர்கள் துணியில் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்றார்கள். கேலிக்கு ஆளான பறவையால் வீட்டுக்கு வருமானம் வந்தது.

இன்று 'ஹர்கிலா படை' என்ற பெயரில் 10,000 பெண்களுக்கு மேல் இருக்கிறார்கள். தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய மூன்று ஊர்களிலும் சேர்த்து 28-ஆக இருந்த கூடுகள் 250-ஐத் தாண்டின. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் பூர்ணிமாவுக்கு 'பூமியின் நாயகர்' விருது வழங்கியது. 2023-இல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் இந்தப் பறவை 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து இரண்டு படி மேலே வந்தது.

நம் தமிழ்நாட்டிலும் இது புதிதல்ல. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் சேர்ந்தே விட்டுக்கொடுக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கணக்கு இதுதான். மரத்தால் வரும் நன்மை ஊருக்குப் பொது. தொல்லை மட்டும் அந்த ஒரு வீட்டுக்கு. வரவை எல்லோரும் எடுத்துக்கொண்டு செலவை ஒருவர் தலையில் எழுதினால் அந்தக் கணக்கு என்றைக்கும் நேராகாது. அவர் கோடாலியை எடுப்பார். நாம் அவரைக் கொடுமைக்காரர் என்போம். பூர்ணிமா அந்தச் செலவை ஊர் முழுக்கப் பங்கு போட்டார், சுமந்தவருக்கு மரியாதையும் வாங்கிக் கொடுத்தார்.

ஏ பிளாக் நண்பர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஜன்னலில் நாற்றம் இல்லை, உங்கள் காரில் எச்சம் இல்லை. கையெழுத்துப் போடுவது எளிது. மரம் வேண்டும் என்றால் பி பிளாக்கின் சிரமத்தில் நமக்கும் பங்கு வேண்டும்.

பி பிளாக் நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் புகார் நியாயமானது. ஆனால் குஞ்சு இருக்கும்போது மரத்தில் கை வைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருக்கிறது.

பொதுக்குழுவின் பரிசீலனைக்கு நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

1. குஞ்சுகள் பறந்து போகும்வரை வெட்டும் பேச்சை நிறுத்தி வைப்போம். அதற்குப் பிறகு, கார்களின் மேல் நீளும் கிளைகளை மட்டும் முறையான அனுமதி பெற்றுக் கழிப்போம்.

2. மரத்தடியில் கார் நிறுத்தும் ஆறு வீட்டாருக்குப் பருவம் முடியும்வரை விருந்தினர் நிறுத்துமிடத்தைக் கொடுப்போம். விருந்தினர் வண்டிகள் தெருவில் நிற்கட்டும்.

3. மரத்தடியைத் தினமும் கழுவ ஆகும் கூலியைப் பராமரிப்பு நிதியிலிருந்து கொடுப்போம். எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு காபி விலைகூட வராது. கழுவும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் நாமே வாங்கித் தரவேண்டும்.

4. கூடுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பைக் குழந்தைகளிடம் கொடுப்போம். பேரேடு போட நான் சொல்லித் தருகிறேன்.

அடுத்த ஆண்டு விழாவில் அந்த ஆறு வீட்டாரையும் இந்த மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்பது என் ஆசை. வாக்களிக்கும் முன் ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு மேல் அந்த மரத்தடிக்குப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். குடை எடுத்துக்கொண்டு போங்கள். பறவைகளையும் பாருங்கள், நாற்றத்தையும் அனுபவியுங்கள். பிறகு வாக்களியுங்கள்.