விசைப்பலகையும் மாணவர் தமிழும்



1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் உரியன. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே அமையும். உயிர்மெய் பிறக்கும் இலக்கணத்தை அங்கே விரல்களே கற்கின்றன.

கான்சாபுரம் போன்ற சிற்றூர்களிலிருந்து இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் பலரோ கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டியே தமிழ் எழுதுகின்றனர். கருவி முன்வைக்கும் சொல்லையே ஏற்கின்றனர். வாலை, வாளை, வாழை மூன்றும் அகராதிச் சொற்களே. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்தமரின், பிழைதிருத்தியும் வாளாவிருக்கும். பொருளறிந்த மாணவனே அதனைக் காண இயலும்.

2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கணினித்திறனையும் ஆங்கிலத் தொடர்புத்திறனையும் பயிற்றுகிறது. வேலைக்கு அவை வேண்டுவனவே. ஆயினும் தாய்மொழியில் ஒரு பத்தியைத் தெளிவுற எழுத அறியாதவன் பிறமொழியில் எதனைத் தெளிவுற உரைப்பான்?

திங்களுக்கு ஒருநாள் கவிஞர் ஒருவர் கல்லூரிக் கணினிக்கூடத்தில் அமரட்டும். மாணவன் தான் எழுதியதை உரக்கப் படிக்கட்டும். எழுத்தில் மறைந்த பிழை நாவில் வெளிப்படும். ஆண்டாள் தமிழ் பாடிய மண்ணில், பத்தாண்டு நிறைந்த வட்டம் ஏற்கத்தக்க பணி இதுவே.