விகுதி என்னும் திறவுகோல்: மும்மொழி வகுப்பறையில் ஆங்கிலப் பெயர்ச்சொற்கள்



ஆங்கிலத்தின் உயர்நிலைச் சொற்களை, அவற்றுள்ளும் ஒரே விகுதியில் முடியும் பெயர்ச்சொற்களை, எவ்வாறு கற்பது என்பதே இன்றைய பொழிவின் பொருள். தமிழ் மன்றத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை ஆங்கிலத்தில் பின்தங்கிவிடும் என்னும் அச்சம் பெற்றோர் பலரிடம் உண்டு. அவ்வச்சத்தினால் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்ப்போரும் உளர். தமிழ் இலக்கணத்தை முறையாகக் கற்ற மாணவனுக்கு ஆங்கிலச் சொல்லாக்கத்தின் திறவுகோல் முன்னரே கையில் இருக்கிறது என்பது நமது துணிபு. அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

நம் ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குவோம். 'கோத்தா' என்பது கோட்டை. 'திங்கி' என்பது உயர்ந்தது. 'திங்கி' என்னும் மலாய்ச் சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டுச் சேர்த்தால் 'கெதிங்கியான்' என்றாகி உயரத்தைக் குறிக்கும். தமிழில் 'உயர்' என்னும் பகுதி 'அம்' விகுதி பெற்று 'உயரம்' ஆகிறது. ஆங்கிலத்தில் 'ஹை' என்பது 'ஹைட்' ஆகிறது. மூன்று மொழிகளும் செய்யும் வேலை ஒன்றே.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் இவ்வூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளக் காலங்களில் மக்களைத் தங்கவைக்கும் நிலையத்தைக் குறிக்க 'பெமிண்டாஹான்' என்னும் மலாய்ச் சொல் வழங்குகிறது. இடம்பெயர்தலைச் சுட்டும் 'பிண்டா' அதன் பகுதி. ஒட்டுச் சேரும்போது பகர ஓசை மகர ஓசையாய்த் திரிவதையும் காணலாம். புணர்ச்சி விகாரம் கற்ற தமிழ் மாணவனுக்கு இது புதிதன்று. அதே நிகழ்வை ஆங்கிலச் செய்தி 'எவாக்குவேஷன்' என்கிறது. தமிழ்ச் செய்தி 'வெளியேற்றம்' என்கிறது. ஆயினும் மூன்று பாட வேளைகளில், மூன்று ஆசிரியர்கள், ஒன்றோடொன்று தொடர்பற்றவை போல இவற்றைக் கற்பிக்கின்றோம்.

ஆங்கில விகுதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 'நெஸ்', 'ஹுட்', 'ஷிப்' முதலியவை அம்மொழியின் பழைய சொத்து. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் பிரெஞ்சு வழியாகவும், பிற்காலத்தில் நேரே இலத்தீனிலிருந்தும் 'ஷன்', 'இட்டி', 'மென்ட்' ஆகியவற்றில் முடியும் சொற்கள் பெருகின. 'இசம்', 'லஜி' என்பன கிரேக்க மூலமுடையவை. வீட்டிலும் தெருவிலும் புழங்கும் சொற்களுட் பல பழைய சொத்தாகவும், நீதிமன்றத்திலும் அறிவியல் நூலிலும் புழங்கும் சொற்களுட் பல இலத்தீன், கிரேக்க வரவாகவும் அமைந்தது இதனால்தான். உயர்நிலைச் சொல் கடினமாகத் தோன்றுவதற்கு அதன் நீளம் ஒரு காரணம். நீளத்தைக் கூட்டுவது பெரும்பாலும் விகுதியே. விகுதியைப் பிரித்தறிந்தவனுக்குச் சொல்லின் பாதி தெளிவாகிவிடும்.

மலாய் மொழி இங்கே நமக்குப் பேருதவி செய்கிறது. 'பொப்புலாசி', 'மிக்ராசி', 'இன்ஃப்ளாசி' என்று மலாயில் படித்த மாணவன், இறுதியிலுள்ள 'ஆசி'யை 'ஏஷன்' என மாற்றினால் ஆங்கிலச் சொல் கிடைக்கிறது. 'கொமுனிட்டி', 'இடென்டிட்டி' போன்றவற்றில் மாற்றமே மிகக் குறைவு.

தமிழுக்கு வருவோம். ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் தொழிற்பெயர் விகுதிகளாகத் தல், அல், அம், கை, பு, சி, வி, பாடு முதலிய 19-ஐ எடுத்துரைக்கிறது. பண்புக்கு 'மை' சிறந்து நிற்கிறது. தமிழின் ஒரு 'மை' ஆங்கிலத்தில் பலவாகப் பிரிவதை மாணவர் கவனிக்க வேண்டும். இனிமை 'ஸ்வீட்னெஸ்'; தாய்மை 'மதர்ஹுட்'; உடைமை 'ஓனர்ஷிப்'; ஒருமைப்பாட்டைக் குறிக்கும் 'யூனிட்டி' இன்னொரு வகை. எந்தப் பகுதி எந்த விகுதியை ஏற்கும் என்பது வழக்கினால் அறியத்தக்கது. ஆகவேதான் சொற்களைக் குடும்பமாகத் தொகுத்துப் பயில வேண்டும் என்கிறோம்.

ஒலிப்பிலும் ஒழுங்கு உண்டு. 'ஷன்', 'இட்டி' என்னும் விகுதிகள் அழுத்தத்தைத் தமக்கு முன்னுள்ள அசைக்கு இழுத்துக்கொள்ளும். 'எஜுகேட்' என்பதில் முதலசையில் விழும் அழுத்தம் 'எஜுகேஷன்' என்பதில் 'கே'யின்மேல் விழுகிறது. 'நெஸ்' அவ்வாறு எதனையும் மாற்றுவதில்லை. இந்த ஒரு விதியை அறிந்தால் நூற்றுக்கணக்கான சொற்களைத் தயக்கமின்றி ஒலிக்கலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. ஆமையும் எருமையும் 'மை'யில் முடிந்தாலும் பண்புப்பெயர்கள் ஆகமாட்டா. அதுபோல 'விட்னெஸ்' என்பது இன்று பெரும்பாலும் சாட்சி சொல்லும் ஆளைக் குறிக்கிறது. விகுதி வழிகாட்டும், பொருளை உறுதிசெய்வது சொல் நிற்கும் தொடரே.

இன்னொன்று, இவையனைத்தினும் முதன்மையானது. தொழிற்பெயர் காலம் காட்டாது. செய்தவன் யார் என்பதையும் சொல்லாமல் விடும். நம் வரலாற்றில் 'தோட்டத் துண்டாடல்' என்றொரு தொடர் உண்டு. ஆங்கில ஆவணங்களில் அது 'ஃபிராக்மென்டேஷன்'. அச்சொல்லுக்குள் பெருந்தோட்டங்களை விற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்கிக் கூறுபோட்டு விற்ற இடையீட்டாளர் இருக்கின்றனர். வேலையும் வீடும் இழந்த பாட்டாளிகள் இருக்கின்றனர். சொல்லின் மேற்பரப்பில் எவரும் தென்படுவதில்லை. அந்நிலைக்கு மறுமொழியாகவே, 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 'ஷன்' என முடியும் சொல்லைக் கண்டால் யார், யாருக்கு, என்ன செய்தார் என்று வினவும் மாணவனே அதனை உண்மையில் கற்றவன். பணி நீக்கக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் நாளை அவன் வாசிக்க நேரும்போது இப்பழக்கம் அவனைக் காக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளொன்றுக்கு ஒரு சொல் போதும். கரும்பலகையில் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று கட்டங்கள் வரைந்து, பகுதியையும் விகுதியையும் பிரித்தெழுதச் செய்யுங்கள். அப்பெயர்ச்சொல்லை எழுவாயும் பயனிலையும் உடைய முழு வாக்கியமாக விரித்துரைக்கச் சொல்லுங்கள். மூன்று மொழிப் பாடங்களையும் கற்பிப்போர் திங்களுக்கு ஒருமுறை அமர்ந்து அடுத்த சொற்குடும்பங்களைத் தேர்ந்துகொள்ளலாம். மாணவச் செல்வங்களே, உங்கள் பகுபத உறுப்பிலக்கணக் குறிப்பேட்டைத் தேர்வு முடிந்ததும் மூடி வைத்துவிடாதீர்கள். ஆங்கில வகுப்பிற்கும் அதனை எடுத்துச் செல்லுங்கள்.