தொந்தியும் தலைவிதியும்



நாற்பது வயதானால் தொந்தி விழத்தான் செய்யும், அது தலைவிதி என்று நாமும் வெகுநாள் சொல்லித் திரிந்தவர்கள்தாம். சென்ற வருஷம் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டதென்று வைத்தியர் சொன்ன பிறகே யோசிக்க ஆரம்பித்தோம்.

29 தேசங்களில் 6,400 பேருக்கு மேல் சோதித்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது? உடம்பின் அளவுக்குத் தக்கபடி கணக்கிட்டால், அது செலவிடும் சக்தி 20 வயது முதல் 60 வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதானாம். அப்படியானால் குற்றவாளி வயதா, நாமா?

அன்று நடந்தோம், உழைத்தோம். இன்று உட்கார்ந்துகொண்டே அன்று தின்ற அதே சோற்றைத் தின்கிறோம். மிஞ்சினதை வீணாக்கலாகாதென்று பெண்கள் தின்கிறார்கள். பெண் வயிறு என்ன குப்பைத்தொட்டியா? ஒரு வேளைச் சோற்றை விட்டு, வடையும் பணியாரமும் தின்பதற்கு விரதமென்று பெயர்! மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் 9. வயிறு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கைத்தான் பார்க்கும்.

நாம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரையும் காயும் பயறும் வைத்தோம். காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தினோம். தினம் அரைமணி வேகமாக நடந்தோம். எட்டு மாதத்தில் இடுப்பு 3 அங்குலம் குறைந்தது. மருந்தை வைத்தியர் நிறுத்தச் சொல்லவில்லை, நாமும் நிறுத்தவில்லை. மருந்துண்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கவும் கூடாது.

நம் தேசத்தார்க்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் ஆபத்தென்கிறார்கள். நாம் சொல்வதையும் நம்பாதீர்கள். நாடா எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்.