மேனேஜர் போனால் ரசிகன் ஏன் அழுகிறான்?

(“விளையாட்டு ரசிகனின் கண்ணீர்: அன்பா? வெறியா?” என்ற தலைப்பில், ‘அன்பே’ என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசின அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. “சம்பளம் வாங்கிக்கிட்டு வேலை பார்த்த ஒரு ஆள், வேலையை விட்டுட்டுப் போறார். அதுக்கு ஏன் ஊரே அழணும்?” நீங்களும் பலமாக் கைதட்டினீங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல நான் உங்களை இங்கிலாந்தில் இருக்கிற லிவர்பூல் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். பயப்படாதீங்க, விசா நான் பார்த்துக்கிறேன். (சிரிப்பு)

அங்கே கால்பந்துக் கிளப்பில் மேனேஜர் என்றால் நம்ம பாங்க் மேனேஜர் மாதிரி கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. யாரை இறக்கணும், யாரை உட்கார வைக்கணும், எல்லாம் அவர்தான். தோத்தா முதல் திட்டும் அவருக்குத்தான்.

பில் ஷாங்க்லி என்று ஒரு மனிதர். 1913-ல் ஸ்காட்லாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1959 டிசம்பரில் லிவர்பூலுக்கு மேனேஜராக வருகிறார். அப்போ அந்த அணி இரண்டாம் டிவிஷனில் கிடக்குது. 1962-ல் முதல் டிவிஷனுக்குத் தூக்கிட்டார். 1964, 1966, 1973 மூன்று தடவை லீக் பட்டம். 1965-ல் அந்தக் கிளப்பின் சரித்திரத்திலேயே முதல் முறையாக எஃப்.ஏ. கோப்பை. சரி, இதெல்லாம் கணக்கு. கணக்குக்காக யாரும் அழ மாட்டான், நடுவர் அவர்களே.

அழுததற்குக் காரணம் வேற. ரசிகர்கள் கடிதம் எழுதினா, இந்த மனுஷன் தானே டைப்ரைட்டர் முன்னால உட்கார்ந்து பதில் தட்டுவார். 1973-ல் லீக் பட்டம் ஜெயித்து மைதானத்தைச் சுற்றி வருகிறார். ஒரு ரசிகன் தன் கழுத்துத் துண்டை எடுத்து அவரை நோக்கி வீசுறான். அது கீழே விழுது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் அதைக் காலால் ஒதுக்கித் தள்ளுகிறார். ஷாங்க்லி என்ன பண்ணினார் தெரியுமா? குனிந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் கழுத்தில் கட்டிக்கிட்டு, இப்படிச் செய்யாதீங்க, இது விலை மதிப்பில்லாததுன்னு அந்தப் போலீஸ்காரரைக் கண்டிச்சார். (கைதட்டல்) துறைமுகத்தில் மூட்டை தூக்கிட்டு வந்து நிக்கிற ஒரு தொழிலாளி, தன் துண்டுக்கு அப்படி ஒரு மரியாதையை வேற எங்கே பார்த்திருப்பான்?

அடுத்த வருஷம், 1974 மே மாதம், நியூகாசிலை மூணுக்கு சைபர்னு ஜெயிச்சு இன்னொரு எஃப்.ஏ. கோப்பை. ரெண்டு பேர் ஓடி வந்து அவர் காலில் விழுந்து ஷூவை முத்தமிட்டாங்க. எதிரணி நண்பர் இதைத்தான் ‘வெறி’ன்னார். கொஞ்சம் இருங்க, வர்றேன்.

1974 ஜூலை 12. கிளப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடுது. அன்னைக்குத்தான் ரே கென்னடி என்ற புது ஆட்டக்காரரை வாங்கியிருக்காங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாங்கன்னு எல்லாரும் வர்றாங்க. வந்தா, ஷாங்க்லி ஓய்வு பெறுகிறார்னு அறிவிப்பு! வயசு அறுபதுதான். களைச்சுப் போச்சு, குடும்பத்தோட இருக்கணும், அவ்வளவுதான் காரணம்.

ஒரு டெலிவிஷன் நிருபர் மைக்கை எடுத்துக்கிட்டுத் தெருவில் இறங்கிட்டார். பையன்களைப் பார்த்து, “ஷாங்க்லி போயிட்டார்”ங்கிறார். ஒருத்தன்கூட நம்பலை. கிண்டல் பண்றார்னு நினைக்கிறாங்க. நிஜம்னு புரிஞ்சப்போ அந்தப் பிஞ்சு முகம் வாடுது பாருங்க, படம் இன்னும் இருக்கு. கிளப்பின் டெலிபோன் இணைப்பே திணறிப் போச்சு. ஒரு தொழிற்சாலைக்காரங்க, அவர் திரும்ப வரலைன்னா ஸ்டிரைக்னு மிரட்டினாங்க! நாமெல்லாம் போனஸுக்கு ஸ்டிரைக் பண்ணுவோம். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் இங்கேதான் ஒரு குறிப்பு எடுத்து வெச்சிருப்பார். “அவர் போன பிறகு உதவியாளர் பாப் பெய்ஸ்லி வந்தார். ஒன்பது சீசனில் ஆறு லீக் பட்டம். ஷாங்க்லி தொடாத ஐரோப்பியக் கோப்பை மூன்று: 1977, 1978, 1981. அப்போ அழுதது வீண்தானே?”ன்னு கேட்பார். ஐயா, கோப்பை போயிடுமேன்னு அழுதிருந்தா வீண்தான். ஆனா ஒன்று கவனியுங்க. ஷாங்க்லிக்கு மைதான வாசலில் 1997-லேயே சிலை வெச்சாச்சு. அவரைவிட அதிகம் ஜெயிச்ச பெய்ஸ்லிக்கு அங்கே சிலை எப்போ வந்தது? 2020-ல்! பெய்ஸ்லி சாதாரண ஆளில்லை, தங்கமான மனுஷன். ஆனாலும் ஜெயிச்ச கணக்கை மட்டும் பார்த்து அன்பு வைக்கிற கூட்டமாக இருந்தால், முதல் சிலை யாருக்கு வந்திருக்கணும்?

இதில் ஒரு வேதனையும் இருக்கு, அதை மறைக்கக்கூடாது. நம்ம வீட்டுப் பெரியவர் ரிடையர் ஆன மறுநாளும் ஆபீஸ் வாசலில் போய் நிப்பார் இல்லையா? ஷாங்க்லிக்கும் அந்தக் கதைதான். பயிற்சி மைதானத்துக்குப் போனார். ஆட்டக்காரங்க பழக்கதோஷத்தில் அவரைத்தான் ‘பாஸ்’னு கூப்பிட்டாங்க. பெய்ஸ்லி பாவம், நாற்காலியில் அவர் இருக்கார், ‘பாஸ்’ பட்டம் இவர்கிட்ட இருக்கு. கடைசியில் அங்கே போறது சங்கடமாப் போச்சு. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஊரின் பரம எதிரி எவர்ட்டன் கிளப்பின் பயிற்சி மைதானம். அவங்க நல்லா வரவேற்றாங்க. சொந்தக்காரன் முகம் சுளிச்சான், பங்காளி காபி கொடுத்தான்! (சிரிப்பு) நிர்வாகத்தைக் குறை சொல்லலை, ஒரு உறையில் ரெண்டு கத்தி இருக்க முடியாது. ஆனா ரசிகன் மட்டும் அவரை விடலை. கோப் என்கிற அந்த ஏழைகள் அப்போ நின்ன திண்ணைக்கு அவரும் ஒரு நாள் போய்க் கூட்டத்தோட கூட்டமா நின்னு ஆட்டம் பார்த்தார். 1981 செப்டம்பரில் இறந்து போனார். ஊரே அழுதது, இப்போ சொல்லுங்க, ஒரு கோப்பைக்கா?

இப்ப ‘வெறி’க்கு வர்றேன். வெறி பிடிச்சவன் போறவனைத் திட்டுவான், வர்றவனையும் விரட்டுவான். அதே லிவர்பூலில் 2015-ல் யூர்கன் க்ளாப் என்ற ஜெர்மானியர் வந்தார். 2019-ல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் முப்பது வருஷம் கழிச்சு லீக் பட்டம். 2024 ஜனவரி 26-ஆம் தேதி, எனக்குச் சக்தி தீர்ந்துக்கிட்டே வருது, சீசன் முடிஞ்சதும் போறேன்னார். மறுபடி அதே கண்ணீர். மே 19, கடைசி ஆட்டம். நிறைய பேர் கண்கலங்கி நிக்கிறாங்க. மைக் கையில். இந்த மனுஷன் என்ன செய்தார்? அடுத்து வரப்போகிற ஆர்னே ஸ்லாட் என்பவரின் பெயரைச் சொல்லிப் பாட ஆரம்பிச்சார். முகம்கூடப் பார்க்காத புது மாப்பிள்ளை! அழுதுக்கிட்டிருந்த அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து அந்தப் பெயரைப் பாடினாங்க. அடுத்த வருஷமே, 2025 ஏப்ரலில், அந்த ஸ்லாட் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

வெறி பிடிச்ச கூட்டம் இப்படிப் பாடுமா, நடுவர் அவர்களே? மணியில் கை வெச்சிட்டீங்க, தெரியுது. எதிரணி பதில் சொல்லட்டும். (கைதட்டல்)